பள்ளிப் பத்திரிகை யாருடையது? அமெரிக்க மாணவர்களின் பேச்சுரிமை எதுவரை

அமெரிக்காவில் ஒருவர் நடுத்தெருவில் தேசியக் கொடியைக் கொளுத்தினாலும், எதிர்ப்பைக் காட்டத்தான் கொளுத்தினார் என்றால், அதற்காக மட்டும் அவரைச் சிறையில் போட முடியாது. 1989-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அப்படிச் சொன்னது. அதற்கு ஒரு வருடம் முன்னால், இதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில், பள்ளிப் பத்திரிகையில் விவாகரத்து, கர்ப்பம் பற்றி மாணவிகள் எழுதியதைத் தலைமையாசிரியர் அச்சுக்குப் போகும் முன்பே எடுத்தது தப்பில்லை என்று தீர்ப்பு எழுதியது. இரண்டும் ஒரே அரசியல் சட்டத்தை வைத்துச் சொன்னவை. கொடியைக் கொளுத்தலாம், விவாகரத்து பற்றி எழுதக்கூடாதா?

2025 அக்டோபரில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழை அச்சிடுவது நிறுத்தப்பட்டது என்ற செய்தி வந்தபோதும் பலர் கேட்டது இதைத்தான்: பேச்சுரிமைக்குப் பேர்போன நாட்டில் இது எப்படிச் சாத்தியம்? அடிப்படையிலிருந்து போனால்தான் இது புரியும்.

## உரிமை யாருக்கு எதிராக?

'முதல் திருத்தம்' என்று அடிக்கடி கேள்விப்படுவோம். 1791-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பகுதி அது. பேசுவது, பத்திரிகை நடத்துவது, வழிபடுவது, கூட்டம் கூடுவது, அரசிடம் முறையிடுவது, இவற்றை அரசு தடுக்கக்கூடாது என்கிறது. இதில் 'அரசு' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்கணும். அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் அரசு ஊழியர், அந்தப் பகுதியின் கல்வி வாரியம் அரசு அமைப்பு, அதனால் இருவரையும் இந்தத் திருத்தம் கட்டுப்படுத்தும். தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. அங்கே மாணவருக்கு என்ன உரிமை என்பதைப் பள்ளியின் விதிப் புத்தகமும், சேரும்போது போட்ட ஒப்பந்தமும்தான் சொல்லும். கலிஃபோர்னியா மட்டும் 1992-இல் தனிச் சட்டம் போட்டு, மத நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு விலக்கு கொடுத்து, மற்ற தனியார் பள்ளி மாணவர்களுக்கும் பேச்சுரிமையை நீட்டியது.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்த உரிமை உண்டா என்ற கேள்விக்கு 1943-இலேயே ஒரு பதில் கிடைத்தது. மேற்கு வர்ஜீனியாவில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் கொடி வணக்கம் செய்ய மறுத்தார்கள். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம், இருந்தும் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளத்தில் அதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் வாய்விட்டுப் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, 1986-இல் நம் உச்ச நீதிமன்றத்தால் திரும்பச் சேர்க்கப்பட்டதும் இங்கே நினைவுக்கு வரலாம். கட்டாயப்படுத்திப் பேசவைக்க முடியாது என்பது அப்படி முடிவானது. சரி, மாணவர் தானாகப் பேச நினைத்தால்?

## கையில் கட்டிய கறுப்புத் துணி

1965 டிசம்பர், அயோவா மாநிலத்தின் டெ மோய்ன் நகரம். வியட்நாம் போரில் இறந்தவர்களுக்குத் துக்கம் தெரிவித்தும், கிறிஸ்துமஸ் நேரத்தில் போர்நிறுத்தம் வேண்டும் என்று கேட்டும் சில மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். மேரி பெத் டிங்கருக்கு அப்போது வயது 13. அவருடைய அண்ணன் ஜானுக்கு 15. பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1969 பிப்ரவரியில் 7-க்கு 2 என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் முடிந்தது.

பள்ளி வாசலைத் தாண்டும்போது மாணவரோ ஆசிரியரோ தங்கள் உரிமைகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதோடு ஓர் அளவுகோலையும் கொடுத்தது. பள்ளி நடப்பதற்குக் கணிசமான இடையூறு வந்தால், அல்லது வரும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், அல்லது மற்றவர்களின் உரிமை பாதிக்கப்பட்டால், அப்போது மட்டும் தடுக்கலாம். 'யாராவது முகம் சுளிப்பார்களோ' என்ற பொதுவான பயம் போதாது. இதைத்தான் டிங்கர் விதி என்கிறார்கள். மாணவருக்கு நல்ல பாதுகாப்பு. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களுக்குப் பள்ளிப் பத்திரிகை வழக்குகளிலும் கீழ் நீதிமன்றங்கள் பெரும்பாலும் இதையே கையில் எடுத்தன.

## ஆறு பக்கம் நான்கான கதை

மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் பக்கத்தில் ஹேசல்வுட் ஈஸ்ட் என்ற அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே இதழியல் ஒரு பாடம். அந்த வகுப்பு மாணவர்கள் 'ஸ்பெக்ட்ரம்' என்ற பத்திரிகையை மூன்று வாரத்துக்கு ஒருமுறை போல நடத்தினார்கள். 1982-83 கல்வியாண்டில் 4,500 பிரதிகளுக்கு மேல் போயிருந்தது. அச்சுச் செலவு மொத்தம் 4,668 டாலர், விற்று வந்தது 1,166 டாலர், மீதி கல்வி வாரியத்தின் பணம். இந்தக் கணக்குக்குப் பின்னால் வேலை வரும்.

1983 மே 10 அன்று, மூன்று நாளில் வரவேண்டிய இதழின் ப்ரூஃப், வழக்கம்போலத் தலைமையாசிரியர் ராபர்ட் ரெனால்ட்ஸிடம் போனது. இரண்டு கட்டுரைகள் அவருக்குச் சங்கடமாக இருந்தன. ஒன்று, பள்ளியில் படிக்கும்போதே கர்ப்பமான மூன்று மாணவிகளின் அனுபவம். பெயர்களை மாற்றித்தான் எழுதியிருந்தார்கள், இருந்தும் யார் என்று பள்ளியில் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அவர் பயந்தார். இன்னொன்று, பெற்றோரின் விவாகரத்து பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது என்பது. அதில் ஒரு மாணவி, அப்பா எப்போதும் வெளியூர் வேலை என்று போய்விடுவார், இல்லாவிட்டால் நண்பர்களோடு சீட்டாடிவிட்டு நேரம் கழித்து வருவார் என்று சொல்லியிருந்தார். அந்த அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பது தலைமையாசிரியரின் வாதம். (கட்டுரையின் இறுதி வடிவத்தில் அந்த மாணவியின் பெயரை வழிகாட்டி ஆசிரியர் ஏற்கெனவே நீக்கிவிட்டிருந்தார். அது தலைமையாசிரியருக்குத் தெரியாது.)

அவருடைய கவலை இரண்டும் பொய்யில்லை. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவரிடம் கருத்துக் கேட்கணும் என்பதெல்லாம் எந்த நல்ல பத்திரிகையும் பின்பற்றும் பாடம்தான். அந்த அப்பாவுக்கு ஒரு போன், கர்ப்பக் கட்டுரையில் நாலு விவரம் மாற்றம், அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கல்வியாண்டு முடியப்போகிறது, திருத்த நேரமில்லை என்று நினைத்த அவர், அந்தக் கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களையும் முழுசாக எடுக்கச் சொன்னார். ஆறு பக்க இதழ் நான்கு பக்கமாக வந்தது. அவர் ஆட்சேபித்தது இரண்டு கட்டுரைகளை, போனது ஆறு. சிறுவயதுத் திருமணம், வீட்டைவிட்டு ஓடும் பிள்ளைகள் பற்றியவையெல்லாம் யாரும் குறை சொல்லாமலேயே காணாமல் போயின.

கேத்தி குல்மையரும் வேறு இரு மாணவிகளும் வழக்குப் போட்டார்கள். முதல் நீதிமன்றத்தில் தோல்வி, மேல்முறையீட்டில் வெற்றி, 1988 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 3 என்று தோல்வி. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். அவர் போன வழி இது:

1. கறுப்புப் பட்டை வழக்கில், மாணவர் தானாகப் பேசுவதைப் பள்ளி பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்பது கேள்வி. இங்கே, பள்ளி தன் பெயரையும் பணத்தையும் போட்டு மாணவர் பேச்சை வெளியிட வேண்டுமா என்பது கேள்வி. இரண்டும் வேறு.

2. ஸ்பெக்ட்ரம் ஒரு 'பொது மேடை' இல்லை. பொது மேடை என்றால், அரசுக்குச் சொந்தமாக இருந்தாலும் யார் வேண்டுமானாலும் வந்து பேசத் திறந்துவிடப்பட்ட இடம், பூங்கா மாதிரி. ஸ்பெக்ட்ரமோ மதிப்பெண் போடும் ஒரு பாடம், ஆசிரியர் மேற்பார்வையில் நடப்பது. அதைப் பொது மேடையாகப் பள்ளி திறந்துவிடவே இல்லை.

3. ஆகவே டிங்கர் விதி பொருந்தாது. தணிக்கைக்கு 'நியாயமான கல்வி நோக்கத்தோடு' தொடர்பு இருந்தால் போதும். இதைத்தான் ஹேசல்வுட் விதி என்கிறார்கள்.

எதெல்லாம் கல்வி நோக்கம் என்று தீர்ப்பு தரும் உதாரணங்களைப் பாருங்கள். இலக்கணப் பிழை, மோசமான எழுத்து, போதிய ஆய்வு இல்லாமை, ஒருதலைப்பட்சம், ஆபாசம், வாசகர்களின் வயதுக்கு ஒவ்வாத விஷயம். கடைசிக்கு உதாரணமாக, தொடக்கப் பள்ளியில் சாண்டா கிளாஸ் நிஜமா என்பதிலிருந்து உயர்நிலைப் பள்ளியில் பாலுறவு வரை சொல்கிறார் நீதிபதி. கூடவே, அரசியல் சர்ச்சைகளில் பள்ளி நடுநிலை தவிர்த்த எந்தக் கருத்தோடும் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள மறுக்கலாம் என்றும் ஒரு வரி. இந்தப் பட்டியலில் இலக்கணப் பிழையைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. 'ஒருதலைப்பட்சம்', 'போதிய ஆய்வு இல்லை', 'ஒவ்வாதது' என்ற மூன்றும்தான் ஆபத்தானவை, ஏனென்றால் பிடிக்காத எந்தக் கட்டுரை மேலும் இவற்றில் ஒன்றை ஒட்டிவிடலாம்.

மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய மூவரின் சார்பில் நீதிபதி வில்லியம் பிரென்னன், அந்த மாணவர்கள் குடிமைப் பாடம் ஒன்றை எதிர்பார்த்துத்தான் பள்ளிக்கு வந்தார்கள், இன்று இந்த நீதிமன்றம் நடத்துகிற பாடத்தை அல்ல என்று வருத்தத்தோடு முடித்தார்.

## அப்படியென்றால் எந்தப் பேச்சுக்கு எந்த விதி?

அரசுப் பள்ளி மாணவர் என்றால் இந்த வரிசையில் கேட்டுப் பார்க்கலாம்.

1. பள்ளியின் பணமும் பெயரும் இருக்கிறதா? இல்லாமல், மாணவர்களே சொந்தமாக அச்சடித்தோ இணையத்தில் போட்டோ நடத்தினால், ஹேசல்வுட் வராது, டிங்கர்தான்.

2. இருந்தாலும், என்ன போடுவது என்பதை மாணவர்களே முடிவு செய்வார்கள் என்று வாரியத்தின் கொள்கையிலோ நடைமுறையிலோ இருக்கிறதா? இருந்தால் அது பொது மேடை என்று வாதாடலாம், பாதுகாப்பு கூடும்.

3. பள்ளிக்கு வெளியே, பள்ளி நேரத்துக்கு வெளியே சொன்னதா? பென்சில்வேனியாவில் பள்ளியின் முதல்நிலை சியர்லீடர் அணியில் இடம் கிடைக்காமல் இளையோர் அணியில் இருந்த ஒரு மாணவி சனிக்கிழமை ஒரு கடையில் உட்கார்ந்து ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தையோடு பள்ளியைத் திட்டினார். அவரை ஒரு வருடம் இளையோர் அணியிலிருந்தும் நீக்கியது செல்லாது என்று 2021-இல் 8-க்கு 1 என்று தீர்ப்பு வந்தது. பள்ளி வளாகத்துக்கு வெளியே பள்ளியின் பிடி தளர்வானது, இல்லாமலே போய்விடவில்லை.

4. ஆபாசமா, போதைப்பொருளை ஆதரிப்பதா? 1986, 2007 தீர்ப்புகளின்படி பள்ளி சார்ந்த இடத்தில் இவற்றைத் தடுக்கலாம்.

## தலைமையாசிரியருக்கும் எல்லை உண்டு

ஹேசல்வுட் வந்தபிறகு மாணவர்களால் எதுவுமே முடியாது என்று நினைப்பது தப்பு. மிச்சிகனின் யூட்டிகா உயர்நிலைப் பள்ளிப் பத்திரிகையின் பெயர் 'ஆரோ'. 2002-இல் கேட்டி டீன் என்ற மாணவி, பள்ளி நிர்வாகத்தின் பேருந்துப் பணிமனைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு தம்பதி போட்டிருந்த வழக்கைப் பற்றி எழுதினார். டீசல் புகையால்தான் வீட்டில் நோய் வந்தது என்பது அவர்கள் புகார். மாணவி நிர்வாகத்தின் தரப்பையும் கேட்டார், அவர்கள் பேச மறுத்துவிட்டார்கள். கட்டுரையை எடு என்று உத்தரவு வந்தது. மாணவர்கள் அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் போட்டு, தணிக்கை பற்றித் தலையங்கம் எழுதினார்கள்.

2004-இல் மத்திய நீதிமன்ற நீதிபதி ஆர்தர் டார்னோ, ஹேசல்வுட் விதியை வைத்தே பார்த்தாலும் இது நிற்காது என்றார். எழுத்து சுத்தமாக இருந்தது, இரு தரப்பும் கேட்கப்பட்டது, கண்டுபிடிக்கப்பட்ட 'குறைகள்' சாக்குகள். நிர்வாகத்துக்கு எதிரான செய்தி என்பது கல்வி நோக்கம் ஆகாது. ஒவ்வொரு பள்ளிப் பத்திரிகை அறையிலும் தெரிந்திருக்க வேண்டிய வழக்கு இது. ஆனால் இரண்டு வருடம் ஆனது, அதற்குள் அந்தச் செய்தி பழசாகிவிட்டது, எழுதியவர் பள்ளியையே முடித்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

## மாநிலச் சட்டம் இருந்தால் என்ன மாறும்

உச்ச நீதிமன்றம் தணிக்கை செய்யலாம் என்றுதான் சொன்னது, செய்தே ஆகணும் என்று சொல்லவில்லை. அதனால் மாநிலங்கள் கூடுதல் பாதுகாப்புக் கொடுக்கலாம். கலிஃபோர்னியாவில் 1977 முதலே சட்டம் இருக்கிறது. ஹேசல்வுட் வந்ததும் மாசசூசெட்ஸ், அயோவா, கொலராடோ, கான்சஸ் வரிசையாகச் சேர்ந்தன. 2015-இல் வடக்கு டகோட்டா ஒரு புதிய அலையைத் தொடங்கியது, அந்த மசோதாவை எழுதியதே ஒரு கல்லூரி வகுப்பு மாணவர்கள். நியூ ஜெர்சி 2021-இலும் மினசோட்டா 2024-இலும் சேர, மொத்தம் 18 மாநிலங்கள் ஆயின. 'நியூ வாய்ஸஸ்' சட்டங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

இவற்றின் சாரம் இரண்டு. அவதூறு, அந்தரங்கத்தில் தலையீடு, சட்டமீறல், பள்ளியைக் குலைக்கும் தூண்டுதல் இவை தவிர்த்து மற்றதை மாணவர்களே முடிவு செய்வார்கள். மாணவர் பக்கம் நின்றதற்காக வழிகாட்டி ஆசிரியரைப் பழிவாங்கக் கூடாது. இந்த இரண்டாவது எல்லா மாநிலச் சட்டத்திலும் ஒரே அளவு இல்லை, ஆனால் நடைமுறையில் அதிகம் உதவுவது அதுதான் என்று நினைக்கிறேன். மாணவரை நேரடியாகத் தடுத்தால் வழக்கு வரும், செய்தி ஆகும். ஆசிரியரை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டால் ஒரு சத்தமும் வராது.

சட்டம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2017-இல் கான்சஸின் பிட்ஸ்பர்க் உயர்நிலைப் பள்ளி. புதிதாக ஒரு தலைமையாசிரியர் நியமிக்கப்பட்டார். அவரை அறிமுகப்படுத்தி எழுதலாம் என்று மாணவர்கள் உட்கார்ந்தார்கள். அவர் பட்டம் வாங்கியதாகச் சொன்ன பல்கலைக்கழகத்தின் இணையதளம் திறக்கவில்லை, முகவரி கிடைக்கவில்லை, அங்கீகாரம் இருப்பதாகத் தெரியவில்லை. வழிகாட்டி ஆசிரியர் நியமனக் குழுவில் இருந்தவர் என்பதால் ஒதுங்கிக்கொண்டார், மாணவர்களே போன் போட்டு விசாரித்து, மார்ச் 31 அன்று வெளியிட்டார்கள். நான்கு நாளில், வேலையில் சேரும் முன்பே, அவர் விலகினார். இதே கட்டுரையைச் சட்டம் இல்லாத மாநிலத்தில் 'போதிய ஆய்வு இல்லை' என்ற மூன்று வார்த்தையில் நிறுத்தியிருக்க முடியும்.

## கல்லூரியில்?

கல்லூரிப் பத்திரிகைக்கு இந்த விதி பொருந்துமா என்பதை 1988 தீர்ப்பு ஓர் அடிக்குறிப்பில் திறந்தே விட்டது. இல்லினாயில் ஓர் அரசுப் பல்கலைக்கழகப் பத்திரிகை வழக்கில், 2005-இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஹேசல்வுட் அணுகுமுறை கல்லூரிக்கும் பொருந்தலாம் என்றது. இல்லினாய் சட்டசபை 2007-இல் தனிச் சட்டம் போட்டு அதைச் சரிசெய்தது. அதே நீதிமன்றத்தின் கீழ் வரும் இந்தியானா, அந்த 18 மாநிலங்களில் இல்லை.

அந்த இந்தியானாவில்தான் 2025 அக்டோபர் சம்பவம். 1867-இல் தொடங்கிய 'இந்தியானா டெய்லி ஸ்டூடன்ட்', பழைய மாணவர் விழாவையொட்டி ஓர் அச்சு இதழ் போட இருந்தது. அதில் விழாத் தகவல் மட்டும் இருக்கட்டும், செய்தி வேண்டாம் என்றது நிர்வாகம். மாணவர் ஊடக இயக்குநர் ஜிம் ரோடன்புஷ் மறுத்தார், பணிநீக்கம் செய்யப்பட்டார், உடனே அச்சும் நிறுத்தப்பட்டது. இது டிஜிட்டலுக்கு மாறும் நிதித் திட்டம் என்று பல்கலைக்கழகம் விளக்கம் சொன்னது. அந்த வாரமே விளையாட்டில் பரம எதிரியான பர்டூ பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகைக்காரர்கள் தாங்களே ஓர் ஆதரவு இதழை அச்சடித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இந்தியானா வளாகத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். மாத முடிவில் அச்சிட மறுபடி அனுமதி வந்தது.

## விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பயம்

தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போய்ப் படிப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பகுதி நேரடியாகப் பொருந்தும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த துருக்கி மாணவி ருமேசா ஓஸ்துர்க், 2024 மார்ச்சில் மாணவர் நாளிதழில் காஸா தொடர்பாக வேறு மூவரோடு சேர்ந்து ஒரு கருத்துக் கட்டுரை எழுதினார். ஒரு வருடம் கழித்து, 2025 மார்ச் 25 அன்று, முகமூடி போட்ட சாதா உடை அதிகாரிகள் அவரைத் தெருவில் பிடித்துப்போய் லூசியானாவில் அடைத்தார்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு நீதிமன்றம் விடுவித்தது.

இங்கே பல்கலைக்கழகம் தணிக்கை செய்யவே இல்லை, கட்டுரை அச்சில் வந்தது. ஆனால் அதற்குப்பின் பல வளாகங்களில் மாணவர்கள் பழைய கட்டுரைகளிலிருந்து தங்கள் பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். வெளியான கட்டுரையை நீக்குவதில்லை என்ற தங்கள் பழைய கொள்கையை மாணவ எடிட்டர்கள் மறுபடி யோசிக்க வேண்டும் என்று, மாணவர் பத்திரிகைகளுக்கு 1974 முதல் இலவசச் சட்ட உதவி தரும் ஸ்டூடன்ட் பிரஸ் லா சென்டர் உள்ளிட்ட அமைப்புகளே சொல்ல வேண்டிய நிலை வந்தது. 2025 ஆகஸ்டில் 'ஸ்டான்ஃபோர்ட் டெய்லி' மத்திய அரசு மீதே வழக்குப் போட்டது. விசாவில் இருக்கும் எங்கள் நிருபர்கள் எழுதவே அஞ்சுகிறார்கள் என்பது அதன் வாதம்.

## வெட்டாமலே காணாமல் போவது

பக்கத்தை எடுத்தால் வெட்டிய தடம் இருக்கும். வழக்குப் போடலாம், கறுப்புக் கட்டம் போடலாம். எழுதப்படாத கட்டுரைக்குத் தடமே கிடையாது. 'இதைத் தலைமையாசிரியர் விடமாட்டார், எதுக்கு வம்பு' என்று ஆசிரியர்-மாணவர் கூட்டத்தில் ஒரு வரியில் கைவிடப்படும் விஷயம் எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது. 'ஒவ்வாதது' என்ற சொல்லுக்கு எல்லை தெளிவாக இல்லாததால்தான் பிள்ளைகள் எல்லைக்கு நாலடி முன்பே நின்றுகொள்கிறார்கள். ஹேசல்வுட் செய்த பெரிய சேதம் இதுதான் என்பது என் முடிவு.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் மாநிலம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் 18-இல் இருக்கின்றன. டெக்சஸும் மிச்சிகனும் இல்லை. மாநிலச் சட்டம் இல்லாத இடத்தில், உள்ளூர்க் கல்வி வாரியத்தின் கொள்கையில் 'பத்திரிகையில் என்ன வரும் என்பதை மாணவ எடிட்டர்களே முடிவு செய்வார்கள்' என்ற ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கணும். இல்லாவிட்டால், வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் பெற்றோர் எழுந்து கேட்கலாம். அந்த ஒரு வரி இருந்தால் வழக்கு வரும்போது பத்திரிகையைப் பொது மேடை என்று காட்ட முடியும்.

மிசௌரியிலும் இப்படி ஒரு சட்டம் கொண்டுவரப் பலமுறை முயன்றுவிட்டார்கள். அந்த மாநிலத்தில் பிறந்த செய்தியாளர் வால்டர் கிராங்கைட்டின் பெயரையே மசோதாவுக்கு வைத்தும் பார்த்தார்கள். 18-ஐ எண்ணிய 2024-லும் அந்தப் பட்டியலில் மிசௌரி இல்லை. ஹேசல்வுட் ஈஸ்ட் இருக்கும் மாநிலத்தில், பிள்ளைகளின் பத்திரிகைக்கு 1988 தீர்ப்புதான் விதி.